ஜெனீவாவுக்கு நான் எழுதிய பதினொரு பக்கம்

2021 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, இரவு எட்டரை மணி. யாழ்ப்பாண நகருக்குப் பக்கத்தில் நானும் என் இணையும் வாடகைக்கு இருந்த வீட்டுக் கதவை இரண்டு பொலிஸ்காரர் தட்டினார்கள். ஒன்றரை வருடமாக அந்த வீட்டில் இருந்தோம். ஒன்றாக வேலை செய்கிற பிள்ளைகள் என்றுதான் வீட்டுக்கார அன்ரிக்குச் சொல்லியிருந்தோம். யாரோ அவருக்கு வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே பொலிசுக்குப் போய்விட்டார். “ஒரு விசாரணை, பத்து நிமிடம்” என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். திரும்பி வரும்போது விடிய இரண்டு மணி.

நிலையத்தில் எங்கள் போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவளுடைய போனுக்குப் பூட்டு இல்லை. படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவருக்கும் காட்டினார்கள். கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒருவர் ஒரு துண்டுக் காகிதத்தில் “365ஏ” என்று எழுதி என் பக்கம் திருப்பி வைத்தார். தன்பாலின உறவைக் குற்றமாக்கும் சட்டப் பிரிவு அது. இரண்டு வருடம் உள்ளே போகலாம் என்றார். அதைவிட எனக்குப் பயமாக இருந்தது அடுத்து அவர் கேட்ட கேள்வி: “அம்மாவின்ர நம்பர் எது?” நான் “சேர், சேர்” என்று கெஞ்சினேன். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அவளை விரும்பியதற்காக நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. கெஞ்சியதற்காகப் பல மாதம் வெட்கப்பட்டேன்.

கடைசியில் 60,000 ரூபாவுக்கு விட்டார்கள். அடுத்த நாள் காலை அவளுடைய சங்கிலியை அடகு வைத்து, ஒரு தேத்தண்ணிக் கடையில் வந்து நின்ற ஒருவரிடம் காசைக் கொடுத்தோம். விடுவதற்கு முன் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. போட்டேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியவை இருக்கின்றன, ஏனென்றால் அந்த இரவில் எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இருக்கவில்லை. போனுக்கு இன்றைக்கே பூட்டுப் போடுங்கள், வட்ஸ்அப்புக்குத் தனியாக இன்னொன்று. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி, வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கலாம். அடித்தாவது வாங்குவார்கள் என்று தோன்றினால், கையெழுத்துக்கு மேலே “இது எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ளது” என்று தமிழிலேயே ஒரு வரி எழுதிவிட்டுப் போடுங்கள். சிங்கராசா வழக்கு எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரிந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்ட தமிழர் அவர். சிங்களத்தில் தட்டெழுதிய ஒப்புதல் வாக்குமூலத்தில் கைநாட்டு வைத்ததாகச் சொல்லித்தான் அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். அது பெரிய குற்றச்சாட்டு, என்னுடையது சின்னது. ஆனால் தாள் ஒரே மாதிரித்தான். அப்புறம், வீட்டுக்கு வந்ததும் நித்திரை கொள்ளாமல் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு வந்தார்கள், சட்டையில் இருந்த இலக்கம், யார் என்ன சொன்னது. இரண்டு நாள் கழித்து எழுதினால் பாதி வராது. எனக்கு வரவில்லை.

மூன்றாவது நாள் வீட்டை விட்டு எழும்பச் சொன்னார்கள். ஆறு மாத முற்பணம் 90,000 ரூபா. “பொலிஸ் கேஸ்” என்று சொல்லித் திருப்பித் தரவில்லை, நாங்களும் கேட்கத் துணியவில்லை. அவள் மட்டக்களப்பில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். நான் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அலுவலகத்துக்குப் பக்கம் என்று அம்மாவுக்குச் சொன்னேன்.

சட்டத்தரணியிடம் போனது 2022 ஜனவரி நடுப்பகுதியில். அதற்கு முன் இருவரிடம் ஆலோசனைக்கென்று காசு கொடுத்து, உண்மையைச் சொல்ல வாய் வராமல் திரும்பியிருந்தேன். மூன்றாவதாகப் போனவர் வயதான ஓர் அம்மா. முழுக்கக் கேட்டுவிட்டு நாட்காட்டியைப் பார்த்தார். “என்ன பிள்ளை, ஒரு மாதத்துக்குள்ள வந்திருக்க வேண்டாமோ?” என்றார். அடிப்படை உரிமை மீறப்பட்டால் நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஒரு வழி இருக்கிறது. முறைப்பாடு கொடுக்கச் செலவு இல்லை. இந்த ஒரு விஷயம் எனக்கு டிசம்பரில் தெரிந்திருந்தால் இந்தக் கதை வேறு பக்கம் போயிருக்கும். நான் அந்த முப்பது நாளையும் பெரியம்மா வீட்டுப் பின் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கழித்தேன்.

“சரி, அந்தச் சட்டத்தையே எதிர்த்து வழக்குப் போட முடியாதா? இந்தியாவில் செய்தார்களே?” என்று கேட்டேன். தன்பாலின உறவு இனி 377ஆவது பிரிவின் கீழ் குற்றம் இல்லை என்று 2018 செப்டெம்பர் 6 அன்று டெல்லியில் வந்த தீர்ப்பைப் போனில் பார்த்து நானும் அவளும் அழுதது எனக்கு ஞாபகம் வந்தது. அவர் ஒரு தாளில் 16(1) என்று எழுதினார். இலங்கை அரசியலமைப்பு வருவதற்கு முன்பே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும் என்று அந்த உறுப்புரை சொல்கிறது. பிரித்தானியர் 1883இல் கொண்டு வந்த தண்டனைச் சட்டக்கோவை அப்படித்தான் இன்னும் நிற்கிறது. இந்திய நீதிமன்றம் வெட்டியதைப் போல இங்கே நீதிமன்றம் வெட்ட முடியாது, பாராளுமன்றம்தான் மாற்ற வேண்டும். இன்னொன்றும் சொன்னார். 365ஏ முதலில் ஆண்களைப் பற்றித்தான் இருந்தது. 1995இல் சட்டத்தைத் திருத்தியபோது “ஆண்” என்ற சொல்லை எடுத்துவிட்டு எல்லாரையும் சேர்த்தார்கள். என்னைக் குற்றவாளி ஆக்கிய அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தது வெள்ளைக்காரன் இல்லை. இது மேற்கத்தைய கலாசாரம் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த 1995தான் நினைவுக்கு வரும்.

இப்படி உள்ளூரில் எல்லாக் கதவும் மூடியிருந்த நேரத்தில், 2022 மார்ச் மாதம் ஒரு செய்தி பார்த்தேன். இலங்கைச் செயற்பாட்டாளர் ரோசானா ஃபிளேமர்-கால்டேரா, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டைப் பார்க்கும் ஐநாவின் சீடோ குழுவுக்குக் கொண்டுபோன முறைப்பாட்டில், பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்குவது பெண்களின் உரிமையை மீறுகிறது என்று அந்தக் குழு இலங்கைக்குச் சொல்லியிருந்தது. பெண்களைப் பற்றி ஒரு ஐநா குழு இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தச் செய்தியை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. அவரைச் சிறையில் போடவில்லை, தண்டிக்கவில்லை. சட்டம் அங்கே இருப்பதே போதும், அதை வைத்து மிரட்டுவார்கள், அதுவே மீறல் என்று குழு ஏற்றுக்கொண்டிருந்தது. அந்தத் துண்டுக் காகிதத்தில் எழுதிய இலக்கத்தைப் பற்றி யாரோ எனக்காகவே எழுதியது போல இருந்தது. அப்போது முடிவு செய்தேன், நானும் ஜெனீவாவுக்கு எழுதுவேன் என்று.

ஜெனீவா என்ற சொல் எங்கள் ஊரில் எப்படி விழும் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஐநா மனித உரிமைகள் பேரவை அங்கே கூடும்போது, ஒவ்வொரு மார்ச்சிலும் செப்டெம்பரிலும் பேப்பரில் அந்தப் பெயர் வரும். பெரியம்மாவின் மகன் போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடையப் போனவன், திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அவர் எத்தனை ஆணைக்குழுவுக்கு மனு எழுதியிருப்பார் என்று கணக்கு இல்லை. நான் பின் அறையில் இரவு இரவாக எழுதுவதைக் கண்டுவிட்டு என்ன என்று கேட்டார். “ஒரு மனு பெரியம்மா” என்று மட்டும் சொன்னேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. “ஒரிஜினலைக் குடுத்திடாதை. கொப்பியைக் குடு. நான் தம்பியின்ர நல்ல படம் ரெண்டை அப்பிடித்தான் துலைச்சனான்” என்றார்.

2022 ஜூன் முழுக்க எழுதினேன். பெற்றோல் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, மின்வெட்டு. வேலை விட்டு சைக்கிளில் வந்து, கரண்ட் இருக்கும் நேரம் பார்த்துப் போனைச் சார்ஜ் பண்ணி, மிச்ச நேரம் விளக்கில் கையால் எழுதினேன். பதினொரு பக்கம் வந்தது, எல்லாம் என் கதை. உலகளாவிய காலமுறை மீளாய்வு என்று ஒன்று இருப்பதாகவும், ஐநாவின் ஒவ்வொரு உறுப்பு நாட்டையும் நாலரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மற்ற நாடுகள் கேள்வி கேட்கும் என்றும், இலங்கையின் முறை 2023 தொடக்கத்தில் என்றும், பொதுமக்கள் தரப்பு அறிக்கைகள் ஜூலைக்குள் போக வேண்டும் என்றும் தேடிப் பிடித்திருந்தேன். ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஒருவருக்கு 24,000 ரூபா கொடுத்தேன். என் சம்பளம் அப்போது 45,000.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் விதிமுறையை ஒழுங்காக வாசித்தேன். தனி அறிக்கை என்றால் 2,815 சொல்லுக்குள் இருக்க வேண்டும். என்னுடையது அதன் இரண்டு மடங்கு. அது பரவாயில்லை, வெட்டலாம். ஆனால் அநாமதேய அறிக்கை எடுக்கமாட்டார்கள். அனுப்பியவரின் பெயரோடு அப்படியே இணையத்தில் போடுவார்கள், யாரும் பார்க்கலாம். என் பெயர், ஊர், அவளைப் பற்றி நான் எழுதிய ஒவ்வொரு வரியும். கை நடுங்கிவிட்டது. ஒரு அழுத்தில் இரண்டு பேரையும் சந்தையில் நிறுத்தியிருப்பேன். அனுப்பவில்லை. தேதி போனது, 24,000 போனது. அந்த நாட்களில்தான் கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் போனது. ஊரெல்லாம் அதையே கதைத்தார்கள். நான் மட்டும் செத்த வீட்டில் இருப்பது போல இருந்தேன்.

பிறகு கொழும்பில் தன்பாலின விருப்பம் உள்ளவர்கள், திருநர் போன்ற பால்புதுமையினருக்காக வேலை செய்கிற ஒரு அக்காவைச் சூமில் கண்டேன். அவர் பதினொரு பக்கத்தையும் வாசித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “தங்கச்சி, இதை வாசிச்சு முடிச்ச ஆள் அடுத்ததா என்ன செய்யவேணும் எண்டு எங்க எழுதியிருக்கு?” எங்கும் எழுதவில்லை. எனக்கு நடந்தது இருந்தது. அரசு என்ன செய்ய வேண்டும், வேறு நாடுகள் அதை எப்படிக் கேட்க வேண்டும் என்பது ஒரு வரிகூட இல்லை.

அவர் சொல்லித் தந்ததை என் வாயால் சொல்கிறேன். ஜெனீவா என்றால் ஒரே கட்டடம், ஆனால் கதவுகள் வேறு வேறு. எனக்கு நடந்ததைச் சொல்ல ஒரு கதவு இருக்கிறது: ஐநாவின் சிறப்பு நடைமுறைகள். அதில் பாலியல் நாட்டம், பால்நிலை அடையாளம் பற்றிப் பார்க்கவென்றே ஒரு சுயாதீன நிபுணர் இருக்கிறார். இணையத்தில் படிவம், செலவு இல்லை, உள்ளூர் நீதிமன்றம் எல்லாம் ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் வேண்டும், பெயரை அரசிடம் சொல்லலாமா வேண்டாமா என்று கேட்பார்கள். அரசுக்கு அவர்கள் எழுதும் கடிதம் 60 நாளுக்குப் பிறகு பகிரங்கமாகும் என்பதையும் யோசித்துச் சம்மதிக்க வேண்டும். இரண்டாவது கதவு சீடோ போன்ற குழுக்கள். அங்கே உள்ளூரில் உள்ள வழிகளை எல்லாம் முயன்று பார்த்திருக்க வேண்டும், அல்லது அவை பயன் இல்லாதவை என்று காட்ட வேண்டும். வருடக் கணக்கில் எடுக்கும், ஃபிளேமர்-கால்டேராவின் முறைப்பாடு 2018இல் போய் 2022இல்தான் முடிவு வந்தது. சட்டத்தரணி இல்லாமல் இறங்காதீர்கள். மூன்றாவது காலமுறை மீளாய்வு. அது தனி ஆளின் கதைக்கு இல்லை, நாட்டின் சட்டத்துக்கு. பெயர் போட முடியாதவர்கள் ஒரு அமைப்பின் கூட்டறிக்கைக்குள் போக வேண்டும், அதற்கு 5,630 சொல் வரை இடம் உண்டு. நான் முதல் கதவுக்குரிய கதையை மூன்றாவது கதவில் கொண்டுபோய் நீட்டியிருந்தேன். அவ்வளவுதான் பிழை. அதற்குப் போனது ஏழு மாதம்.

அந்தச் சுயாதீன நிபுணர் பதவி எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று அக்கா சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. 2016இல் அந்தப் பதவியை உருவாக்க நடந்த வாக்கெடுப்பில் மனித உரிமைகள் பேரவையின் 47 நாடுகளில் 23 ஆதரவு, 18 எதிர்ப்பு, 6 நடுநிலை. அந்த ஆறில் இந்தியாவும் ஒன்று. மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பவும் வாக்கெடுப்பு. 2022 ஜூலையில், நான் விதிமுறை வாசித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், மறுபடியும் 23 ஆதரவோடுதான் தப்பியது. 2025இல் 29 ஆக ஏறியது எனக்குப் பெரிய ஆறுதல். அடுத்தது 2028. தமிழ்நாட்டில் இருந்து இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: 377 போய்விட்டது என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதி, வெளியுறவு அமைச்சு ஜெனீவாவில் ஏன் ஆதரவாக வாக்களிக்கக் கூடாது என்று கேள்வி எழுப்பச் சொல்லுங்கள். உங்கள் அரசின் ஒரு வாக்கு என்னைப் போன்றவர்களின் கடிதத்தை வாங்குவதற்கு ஒரு ஆள் இருப்பாரா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும்.

சரி, அறிக்கைக்கான தேதி போய்விட்டது, என்ன செய்வது? இன்னும் ஒரு வழி இருந்தது. மீளாய்வில் பேசுவது நாடுகள். ஒரு நாட்டுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம். அதற்குள் என்ன சொல்வது என்பதை அதற்கு முந்தைய மாதங்களில்தான் முடிவு செய்வார்கள், கொழும்பில் உள்ள தூதரகங்களையும் கேட்பார்கள். ஆகவே பதினொரு பக்கத்தை ஒரு பக்கம் ஆக்கினோம். மேலே நாலு வரியில் நிலைமை. நடுவில் அரசு தானே சொன்ன சொல்: 2014இல் ஐநா மனித உரிமைக் குழுவின் முன் இலங்கைத் தரப்பு, அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை பாலியல் நாட்டத்தின் அடிப்படையிலான பாகுபாட்டிலிருந்தும் பாதுகாக்கிறது என்று சொல்லியிருந்தது. எனக்குத் தெரிந்து இதைப் போல உதவும் ஆயுதம் இல்லை. அரசு ஜெனீவாவில் சொன்னதைத் தேடி எடுங்கள், அதை அவர்களிடமே திருப்பிக் காட்டுங்கள். கீழே கேட்பவை: 365, 365ஏ இரண்டையும் நீக்குவது, 12(2)இல் பாலியல் நாட்டத்தையும் பால்நிலை அடையாளத்தையும் வெளிப்படையாகச் சேர்ப்பது, இந்தப் பிரிவுகளை வைத்து ஆட்களைப் பிடிக்கக்கூடாது என்று பொலிசுக்கு எழுத்தில் அறிவுறுத்துவது. ஒவ்வொன்றும் ஒரே வாக்கியம், இராஜதந்திரி அப்படியே எடுத்து வாசிக்கக்கூடிய வாக்கியம். “சமத்துவத்தை மேம்படுத்த வேண்டும்” என்று எழுதினால் அரசு சந்தோஷமாக ஏற்றுக்கொண்டு ஒன்றும் செய்யாது. இலக்கத்தோடு கேட்டால் ஏற்கிறேன் என்றோ, குறித்துக்கொள்கிறேன் என்றோ பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் அடுத்த மீளாய்வு வரை பதிவில் இருக்கும்.

அமைப்பின் பெயரில் அந்தப் பக்கம் பல தூதரகங்களுக்குப் போனது. பெரும்பாலானவை பதில் போடவில்லை. இரண்டு இடத்தில் நேரம் தந்தார்கள். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், பஸ் நிலையத்தில் முகம் கழுவி, ஒரு குளிர் அறையில் இருபது நிமிடம் கதைத்தேன். என் ஆங்கிலம் தடுக்கியது. தமிழில் சொல்லுங்கள், மொழிபெயர்ப்போம் என்றார்கள். அந்தத் துண்டுக் காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். எதிரில் இருந்த பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தேன். பொலிசுக்கு 60,000, முற்பணம் 90,000, சட்டத்தரணிகளுக்கு 8,000, மொழிபெயர்ப்பு 24,000, கொழும்புப் பயணங்கள் 13,000. ஒரு லட்சத்து தொண்ணூற்றையாயிரம். நாலு மாதச் சம்பளத்துக்கு மேல். இதில் உண்மையில் பயன்பட்டது கடைசி 13,000 மட்டும்தான். அவளோடு இருந்த வாழ்க்கைக்கு என்ன விலை போடுவதென்று எனக்குத் தெரியாது. மாதத்துக்கு ஒருமுறை கதைப்போம். அண்ணி பக்கத்தில் இருந்தால் வேலையைப் பற்றிக் கதைப்போம்.

2023 பெப்ரவரி 1 அன்று மீளாய்வை ஐநாவின் இணையத் தொலைக்காட்சியில் பெரியம்மா வீட்டு முன் அறையில் பார்த்தேன். பெரியம்மாவும் வந்து பக்கத்தில் இருந்தார், காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றி யாராவது கதைப்பார்களா என்று பார்க்க. கதைத்தார்கள். நான் அவருக்குத் தமிழில் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாடு 365ஐயும் 365ஏயையும் நீக்கச் சொன்னது. பிறகு இன்னொரு நாடு. நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன், தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த வருடம் மே மாதம், இந்தப் பிரிவுகளை நீக்கப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது இல்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது நிறைவேறவில்லை, 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தது. அந்த ஒரு பக்கத்தில் தேதிகளை மாற்றி அடுத்த மீளாய்வுக்கு வைத்திருக்கிறேன்.

அன்றைக்குப் பெரியம்மா போனைப் பார்த்தபடியே கேட்டார்: “உந்த இலக்கம்தானே உன்ர மனு?”

நான் ஓம் என்றேன். அவருக்கு அந்த இலக்கம் என்னவென்று எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

“உன்ர பேர் குடுத்தனியோ?”

“இல்லைப் பெரியம்மா.”

“கொப்பி இருக்கோ?”

“இருக்கு.”

“அலுமாரிக்குள்ள என்ர பைலோட வை” என்றுவிட்டு ரீ போட எழும்பினார்.